ஆறு மேற்கோள்கள்

நாகர்கோவிலில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில், பதவி உயர்வுக் கோப்பைப் பூர்த்தி செய்ய வேண்டிய மாதம் அது. ஆய்வுப் பகுதியில் மூன்று கட்டங்கள் இருந்தன: வெளியான கட்டுரைகள், மொத்த மேற்கோள்கள் (பிற கட்டுரைகள் அவற்றைச் சுட்டிய தடவைகள்), எச்-இண்டெக்ஸ்.

முதல் கட்டத்திலேயே சிக்கல். நரம்பறிவியலில் 17 கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணும் தரவுத்தளம் 12ஐத்தான் காட்டியது. மீதி ஐந்தும் என் அப்பாவின் பெயரில் கிடந்தன. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் பெயர்தான் முதலெழுத்து. கடவுச்சீட்டுக்காக அதை விரித்து எழுதிய பிறகு வந்த கட்டுரைகள் அவர் கணக்கில் ஏறிவிட்டன. குளச்சலில் நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவர் அவர். விஷயத்தைச் சொன்னதும், "எனக்கு எத்தனை, மக்களே?" என்று கேட்டார். ஐந்து என்றேன். அச்செடுத்துத் தரச் சொன்னார். அந்தத் தாளை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

முதலெழுத்தோடு எழுதும் தமிழர்கள் பலருக்கு இப்படிக் கணக்கு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 2012இல் வந்த ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இதற்கு நல்ல மருந்து. முதல் கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே அதை வாங்கிவிடுங்கள் என்று மாணவர்களிடம் மன்றாடுகிறேன்.

பெயர்களை ஒன்றாக்கிய பிறகு என் எச்-இண்டெக்ஸ் 8 ஆனது. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் தந்த கணக்கு இது. என் கட்டுரைகளில் எட்டுக்கு, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது எட்டு மேற்கோள் கிடைத்திருக்கிறது என்று பொருள். பிறர் ஆய்வுகளைத் தொகுத்து மூன்று மாதத்தில் நான் எழுதிய கட்டுரைக்கு 96 மேற்கோள்கள். பெங்களூருவில் நான்கு ஆண்டுகள் உழைத்து எழுதிய கட்டுரைக்கு ஆறே ஆறு. எலி மூளையில் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் துண்டுகளில், வெப்பநிலை ஒன்றிரண்டு டிகிரி மாறும்போது நரம்பணுக்களுக்கு இடையிலான சமிக்ஞை எப்படி மாறுகிறது என்று அளந்த வேலை அது. அந்த 8 என்ற எண்ணுக்குள் அது வரவே இல்லை.

அளக்கும் வேலைக்கு என்றுமே இந்த நிலைதான். ஆண்டுதோறும் வகுப்புக்குக் குளச்சலிலிருந்து ஊசிக் கணவாய் மீன் கொண்டுபோகிறேன். அதன் உடல் சுவரைத் திறந்து உள்ளே தேடினால், தையல் நூல்போல ஒரு வெள்ளை இழை இடுக்கியில் வரும். பல நரம்பணுக்களின் நீட்சிகள் இணைந்து உருவான ஒரே நரம்பிழை அது, கண்ணால் பார்க்கலாம். இப்படிப்பட்ட இழையில்தான் ஆங்கிலேய உடலியலாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்பில் மின்துடிப்பு ஓடும் விதத்தைக் கண்டறிந்தார்கள். 1939இல் முதல் பதிவு. பிறகு போர் குறுக்கிட்டது. 1952இல் ஐந்து கட்டுரைகள். 1963இல் நோபல் பரிசு. கணினி கிடைக்காததால் ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் வாரக்கணக்கில் கணக்குப் போட்டார். சமன்பாடுகள் உள்ள ஐந்தாவது கட்டுரையைப் பல்லாயிரம் பேர் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தச் சமன்பாடுகளுக்கு அளவுகளைத் தந்த முதல் நான்குக்கும் அதில் சிறு பங்குதான். அந்த நான்கும் இல்லாமல் ஐந்தாவது பிறந்திருக்காது.

கோப்பைக் கொடுப்பதற்கு முன், எனக்குக் கிடைத்த ஆறு மேற்கோள்களையும் எடுத்துப் படித்தேன். இத்தனை ஆண்டுகளில் இதைச் செய்யாமல் இருந்தது தவறு. இரண்டு என்னுடைய அடுத்த கட்டுரைகளில் நானே காட்டியவை. மூன்று, முன்னுரையில் ஏழெட்டுப் பெயர்களோடு அடைப்புக்குறிக்குள் கோத்தவை. அவற்றில் ஒன்று நான் சொன்னதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறது. அதை எழுதியவர் என் கட்டுரையைத் திறந்திருக்க மாட்டார்.

ஆறாவது வேறு வகை. ஒரு வெளிநாட்டு ஆய்வகத்தில் என் சோதனையை முதலிலிருந்து செய்து பார்த்திருந்தார்கள். முடிவுகள் பொருந்தின, 34 டிகிரியில் ஒரு புள்ளியைத் தவிர. அந்தப் புள்ளி ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தார்கள். ஒருவர் என் வேலையை நம்பி, சந்தேகப்பட்டு, மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார். தரவுத்தளத்தில் இதுவும் ஒன்று. படிக்காமல் கோத்ததும் ஒன்று.

கோப்பில் மூன்று எண்களையும் எழுதிவிட்டு, கேட்காமலே ஒரு பக்கம் சேர்த்தேன். எந்தக் கட்டுரை எதற்காக எழுதப்பட்டது, யார் அதைப் பயன்படுத்தினார்கள் என்று அதில் இருந்தது. அதை யாராவது வாசித்தார்களா என்று யாரும் சொல்லவில்லை.

அந்த வாரமே பரணிலிருந்து பழைய ஆய்வுக் குறிப்பேடுகளை இறக்கினேன். 34 டிகிரி அளந்த நாளின் பக்கத்தில், ஓரமாகப் பென்சிலில் என் கையெழுத்து: 'மின்சாரம் இரண்டு முறை போனது. ஹீட்டர் திரும்ப ஓடியது.' அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, அவர்கள் அளவுதான் சரியாக இருக்கும் என்று எழுதி அனுப்பினேன்.