மட்டக்களப்புக் கடலுக்குப் போலாமுங்களா?

கோயமுத்தூர்ல இருந்து ஒரு குழுவாப் போய், மட்டக்களப்புக் கடல்ல மூழ்கிக் கிடக்கிற கப்பல்களைப் பார்க்கத் தனிப் படகு பேசலாம்னு இருக்கேனுங்க.

1942 ஏப்ரல் 9-ல ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடிச்ச ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் அங்கதான் கிடக்குது. எத்தனை வருசத்து ஆசை! ஆனா ஆழம் 50 மீட்டருக்கு மேல. சாதாரண ஸ்கூபாவுக்கு (காத்து உருளையை முதுகுல மாட்டிட்டு முங்கறது) 40 மீட்டர்தான் எல்லை. தோட்டத்துக் கிணத்துல குதிச்சுப் பழகின தைரியம் அதுக்குப் பத்தாதுங்க. தனிப் பயிற்சி இல்லாதவங்களை அங்க இறங்க விடமாட்டேன், கோவிச்சுக்காதீங்க. அதே நாள் மூழ்கின ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ங்கிற எண்ணெய்க் கப்பல் அவ்வளவு ஆழமில்லை, மத்தவங்களுக்கு அது.

கடைசியா முங்கி எந்திரிச்ச பின்னாடி 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது, உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் வெளியேறணும். அதனால ஒரு நாள் சேர்த்தே லீவு கேளுங்க.

ஸ்கூபாவுல அட்வான்ஸ்டு (அடுத்த நிலைப் பயிற்சி) சான்று இருக்கிறவங்க இந்த வாரமே சொல்லீருங்க.