நல்ல காதுக்கு இரைச்சல், கெட்ட காதுக்குப் பரீட்சை

சின்ன வயதில் கூகைக்கட்டு வந்துபோனதோடு என் இடது காது மந்தமாகிவிட்டது. வலது காது நன்றாகக் கேட்பதால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் பிடித்துவிட்டால் கதைக்கிறவர் தானாகவே வலப்பக்கம் வந்துவிடுவார். அலுவலகத்தில் கூட்டங்கள் கூடிய பிறகுதான் சிரமம் தெரிந்தது. கொழும்பிலேயே ஒரு தனியார் இடத்தில் காதுப் பரிசோதனை செய்தேன்.

ரிப்போர்ட் நல்ல செய்தி போல இருந்தது. ஹெட்போனில் 60 டெசிபெல் அளவுக்குச் சத்தத்தைக் கூட்டினால்தான் இடது காதுக்குக் கேட்கிறதாம். காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வுக் கருவியை வைத்தபோது 10 டெசிபெல்லிலேயே கேட்டதாம். எலும்பு அதிர்வு நடுக்காதைத் தாண்டி நேரே உட்காதுக்குப் போகும். அப்படியென்றால் உட்காது நலம், பழுது நடுக்காதில்தான், ஒப்பரேஷன் செய்தால் சரிவரலாம். அம்மா அன்றைக்கே நேர்த்தி வைத்துவிட்டார்.

ஈஎன்டி டொக்டர் அதை நம்பவில்லை. செவிப்பறையைப் பார்த்தார், ஒழுங்காக இருந்தது. 512 ஹேர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்து, "எந்தப் பக்கம் கேட்குது?" என்றார். வலப்பக்கம் என்றேன். நடுக்காதுப் பழுதென்றால் சத்தம் கெட்ட காதுப் பக்கம் சாயுமாம். நல்ல காதுப் பக்கம் போனால் உட்காதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரிப்போர்ட் ஒன்று சொல்ல, இசைக்கவை வேறொன்று சொன்னது. "மாஸ்கிங் போட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று எழுதித் தந்தார். நல்ல காதை இரைச்சலால் மறைத்துவிட்டுச் சோதிப்பதுதான் மாஸ்கிங்.

இரண்டாவது இடத்தில் பரிசோதனை செய்ய, தமிழ் கதைக்கிற மிஸ் கிடைத்தார். இந்தப் பரிசோதனைக்கு அது முக்கியம். சிங்களத்தில் சொன்னால் நம் வயதானவர்கள் "ஹரி ஹரி" (சரி சரி) என்று தலையாட்டிவிட்டு, கேட்ட சத்தத்துக்கெல்லாம் பட்டனை அமத்துவார்கள்.

"அண்ணா, அடுத்த பிளாட்காரர் டீவியைக் கூட்டினால் உங்கட வீட்டிலயும் கேட்கும்தானே? அதே கதைதான்" என்றார். ஹெட்போனில் ஒரு காதுக்குக் கொடுக்கிற சத்தம், 40 டெசிபெல் அளவு மட்டும் தேய்ந்து, மண்டையோடு வழியாக மற்றக் காதைத் தொட்டுவிடலாம். எலும்பில் வைக்கும் கருவிக்கு அந்தத் தடையும் கிட்டத்தட்ட இல்லை; எந்தப் பக்கம் வைத்தாலும் இரண்டு உட்காதுகளும் அதிரும். ஆக, பழைய ரிப்போர்ட்டில் இடது காதின் பெயரில் இருந்த கணக்கெல்லாம் வலது காது போட்டதாக இருக்கலாம். அதனால் வலது காதுக்கு ஓர் இரைச்சலைக் கொடுத்து, அதை அந்த வேலையில் மினக்கெட வைத்துவிட்டு இடது காதைச் சோதிக்கிறார்கள்.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்தச் சிறிய அறைக்குள் உட்கார்ந்தேன். வலது காதில் "ஸ்ஸ்ஸ்" என்று மெல்லிய இரைச்சல் தொடங்கியது. அது எவ்வளவு கூடினாலும் பேசாமல் இருக்க வேண்டும். 'பீப்' கேட்டால் மட்டும், எந்தப் பக்கம் கேட்டாலும், பட்டன்.

முதலில் பீப் கேட்டது, அமத்தினேன். இரைச்சல் ஒரு படி கூடியது, பீப் காணாமல் போனது. பீப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார், திரும்பக் கேட்டது. மறுபடி இரைச்சல் கூடியது, மறுபடி போனது. இடது காது உண்மையில் கேட்டிருந்தால், ஓரிடத்துக்குப் பிறகு இரைச்சலைக் கூட்டினாலும் பீப் அசையாமல் நின்றிருக்கும். அந்த இடம்தான் அந்தக் காதின் அளவு. எனக்கு அது எங்கேயும் நிற்கவில்லை. இரைச்சலையும் கண்டபடி கூட்ட முடியாது, அது இந்தப் பக்கம் கடந்து வந்து சோதிக்கிற காதையே குழப்பிவிடும். கொஞ்ச நேரத்தில் இல்லாத பீப்பெல்லாம் கேட்பது போல இருந்தது. மிஸ் அவசரப்படாமல் இடைவெளி விட்டு விட்டுத் தந்தார்.

பிறகு எலும்புக் கருவி. இரும்புப் பட்டி மண்டையை நெரித்தது. 250 ஹேர்ட்ஸில் சத்தத்தைக் கூட்டியபோது காதுக்குப் பின்னால் தோல் குறுகுறுத்தது. அமத்தினேன். "கேட்டதா, அதிர்ந்ததா?" என்று உடனே கேட்டார். அதிர்ந்தது என்றேன். அதை அவர் கேட்டதாகப் பதியவில்லை.

புதிய தாளில் இடது காதுக்கு நீலச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் கீழ்நோக்கிய அம்புக்குறி: மெஷினின் எல்லை வரை பதில் இல்லை. உட்காதுப் பழுது என்பதால் அந்த நடுக்காது ஒப்பரேஷன் பேச்சுக்கு இடமில்லை. அந்தக் காதில் சாதாரண ஹியரிங் எயிட் போட்டும் பலனில்லை என்றார் டொக்டர். இடப்பக்கச் சத்தத்தை மைக்கில் பிடித்து வயரில்லாமல் வலது காதுக்கு அனுப்பும் 'க்ரோஸ்' கருவி இருக்கிறதாம், அடுத்த கிளினிக்கில் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறார். உங்களுக்கும் ஒரு காது மட்டும் மோசம் என்று ரிப்போர்ட் வந்தால், மாஸ்கிங் போட்டு எடுத்ததா என்று அங்கேயே கேளுங்கள். ஒப்பரேஷனுக்கு நாள் குறிக்கிற அளவுக்குப் போன பிறகு கேட்க வேண்டாம்.

அம்மா நேர்த்தியைக் க்ரோஸுக்கு மாற்றிவிட்டார்.