ஈயக் குழாயின் தோல்

இரும்புக் கம்பிக்குத் துத்தநாகம் பூசும் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். துருவை எடுக்க, கம்பியை முதலில் நீர்த்த கந்தக அமிலத் தொட்டியில் முக்குவார்கள். அமிலத்தைச் சூடாக்க, தொட்டிக்குள் நீராவி ஓடும் ஈயக் ‘காயில்’, அதாவது சுருள் குழாய், கிடக்கும். இது காரீயம். வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். இரண்டையும் வெறுமனே ‘ஈயம்’ என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு இன்றும் பதறும்.

சேர்ந்த புதிதில் தொட்டியைக் காலி செய்து கழுவினோம். காயில் மேல் சாம்பல் வெள்ளையாகப் படிந்திருந்ததை அழுக்கு என்று நினைத்து, கம்பி பிரஷ்ஷால் ஒரு சுற்று முழுக்கப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். மேஸ்திரி பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “அது அழுக்கு இல்லடா தம்பி, அதோட தோலு. தோலைப் போய் உரிச்சிட்டியே!”

கந்தக அமிலம் பட்டதும் ஈயத்தின் மேல் ஈய சல்ஃபேட் படியும். நீர்த்த அமிலத்தில் அது அனேகமாகக் கரையாது. அடியில் உள்ள உலோகத்தை மூடிக் காக்கும். 1746-ல் பர்மிங்காமில் ஜான் ரோபக் ஈய அறைகளில் கந்தக அமிலம் தயாரிக்க முடிந்ததும் இந்தத் தோலால்தான். நைட்ரிக் அமிலத்தில் இந்தப் பாதுகாப்பு கிடையாது, ஈயம் கரைந்துவிடும்.

ஆனால் பற்றவைக்கும்போது கதை தலைகீழ். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். மேலே படியும் ஆக்சைடு உருக 880 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் இணைக்கும் இடத்தை மட்டும் மின்னும்வரை சுரண்டி, ஊசிபோன்ற சுடரில், அதே ஈயத்தின் கீற்றை உருக்கிச் சேர்ப்போம். சுடர் ஒரு கணம் கூடுதலாக நின்றால் குழாயில் ஓட்டைதான். சுரண்டிய தூளோடு சாப்பிடப் போகக் கூடாது என்பதில் மேஸ்திரி கண்டிப்பானவர். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினால்தான் டீ.

ஃப்ளின்ட் நகரச் செய்தியைப் படித்தபோது அந்தக் கம்பி பிரஷ்தான் நினைவுக்கு வந்தது. 2014 ஏப்ரலில் அந்த அமெரிக்க நகரம் ஆற்றுநீருக்கு மாறியது. அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களுக்குள் படிந்திருந்த தோல் பெயர்ந்து, ஈயம் குடிநீரில் இறங்கியது. குழந்தைகளின் ரத்தத்தில் அளவு ஏறியது. ஈயம் முதலில் கெடுப்பது வளரும் மூளையை. அமெரிக்கா 1986-லேயே புதிய ஈயக் குழாய்களைத் தடை செய்திருந்தும், மண்ணுக்கடியில் புதைந்தவை அப்படியே கிடந்தன. தொட்டியில் நான் உரித்ததற்கு ஒரு காயில் மெலிந்தது, அவ்வளவுதான்.

பிறகு எங்கள் காயில்களை எடுத்துவிட்டு டெஃப்லான் குழாய் போட்டார்கள். பழைய ஈயக் குழாய் 50 மில்லிமீட்டர் உள்விட்டம், ஏழரை மில்லிமீட்டர் கனம். மீட்டருக்கு 15 கிலோ. துண்டு துண்டாக அறுத்துத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. அறுத்த முகம் வெள்ளிபோல் மின்னியது. மறுநாள் எடை போட வந்தபோது மங்கி, மறுபடி தோல் போர்த்திக்கொண்டிருந்தது.