அம்மாச்சி பேச்சில் ஜப்பானியம்

போன முறை ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை எழுதினேன், மொத்தம் 97 வந்தது. 180-க்கு 90 எடுத்தால் போதும், ஆனாலும் ஃபெயில், ஏனென்றால் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதியில் தனியாக 60-க்கு 19 எடுத்தே ஆகவேண்டும், எனக்கு 17 தான் வந்தது. இரண்டே மார்க். அப்புறம் ஒரு மாதம் புத்தகத்தைத் தொடவில்லை.

யாங்கூனில் நிறையப் பேர் ஜப்பானில் வேலைக்குப் போகத்தான் இந்த மொழியைப் படிக்கிறார்கள், நானும் அப்படித்தான் சேர்ந்தேன். ஆனால் ராத்திரி கரண்ட் இல்லாமல் சார்ஜ் லைட்டை வைத்துக்கொண்டு அதே கான்ஜி எழுத்தை (ஜப்பானியத்தில் வரும் சீன எழுத்து) இருபதாவது தடவை எழுதும்போது வேலை, சம்பளம் எல்லாம் ரொம்ப தூரத்தில் தெரிகிறது.

என்னைத் திரும்ப உட்கார வைத்தது அம்மாச்சி. ஒருநாள் தட்டை நீட்டி, "உப்பு சரியா இருக்கா, சாப்பிட்டுப் பாரு" என்றார். கை அப்படியே நின்றுவிட்டது. ஜப்பானியத்தில் 'தபெதே மிரு'. தபெதே என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார். தெருவில் பேசும் பர்மியத்திலும் 'ஸா ஜி', அதே சாப்பிட்டுப் பார்தான்! வகுப்பில் இதை ஒரு விதியாக மனப்பாடம் செய்திருந்தேன், வீட்டில் தினமும் காதில் விழுந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து அம்மாச்சி பேசுவதை நோட்டில் எழுதிக்கொள்கிறேன். "கரண்ட் போயிரும், மெழுகுவத்தி வாங்கி வை" என்றால் 'ரோசோகு ஓ கத்தே ஓகு', பர்மியத்தில் 'வெ தா', மூன்றிலும் வாங்கி வைக்கத்தான் சொல்கிறோம். எழுந்து, சாப்பிட்டு, வேலைக்குப் போனேன் என்பதை 'ஒகிதே, தபெதே, ஷிகோதோ நி இத்தா' என்று அதே வரிசையில் சொல்லலாம், காலம் காட்டுவது கடைசி வினை மட்டும்தான். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்றே எழுதினார், மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. சரி, உறவோ இல்லையோ, எனக்கு ஒரு வாக்கியம் கட்ட இது கைகொடுக்கிறது, அது போதும்.

படிக்கப் பிடிக்காத நாளில் புதுப் பாடம் எடுப்பதில்லை, வீட்டில் கேட்ட ஒரே ஒரு வாக்கியத்தை ஜப்பானியத்துக்கு மாற்றி வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் படுக்கிறேன். மற்ற நாளில் கேட்கும் பயிற்சிதான், வைஃபை இருக்கும்போதே இறக்கி வைத்த உரையாடல்களில் ஒன்றைப் பஸ்ஸில் நாலைந்து தடவை கேட்பேன், எழுத்தைப் பார்க்கவே மாட்டேன். முதல் தடவை வெறும் இரைச்சல். மூன்றாவது தடவைக்கு மேல் சொற்கள் தனித்தனியாகப் பிரிய ஆரம்பிக்கும், அந்த நேரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

டிசம்பரில் மறுபடியும் எழுதுகிறேன். நேற்று அனோரத்தா சாலையில் காளி கோவில் பக்கம் பஸ் நின்றபோது, காதில் ஒரு பெண் 'மிசு ஓ கத்தே ஓகிமாஸ்' என்றாள். மனதுக்குள் மாற்றிப் பார்க்கவேண்டிய தேவையே வரவில்லை, தண்ணீர் வாங்கி வைக்கப் போகிறாள்.