நெட் தேர்வுக்கு ஒரே ஒரு பகா எண்ணை வைத்துப் படித்தேன்

சோமனூர்ப் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக் குடோன். ராத்திரி ஷிப்ட் ஓடும் சத்தத்தில்தான் கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட் தேர்வுக்கு, கணிதப் பாடத்தில், படித்தேன். முதல் தடவை, பெரிய அடுக்கு ஒன்றை வகுத்தால் மீதி என்ன என்று ஒரு கேள்வி. எண்ணைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பெருக்க ஆரம்பித்துவிட்டேன். பத்து நிமிடம் போனது, விடை வரவில்லை. அந்தத் தேர்வும் போனது.

அடுத்த முறை தினம் ஐம்பது கணக்கு போடுவதை விட்டேன். 2³¹−1, அதாவது 2147483647 என்ற ஒரே பகா எண்ணை எடுத்து, எண் கோட்பாட்டுப் பாடத்தில் உள்ள எல்லாக் கேள்வியையும் அதனிடமே கேட்டேன். “சாமி, நேத்தும் இதே நம்பரத்தானே எழுதீட்டு இருந்தே?” என்றார் அம்மா.

முதல் கேள்வி, இது பகா எண் என்று எப்படித் தெரியும்? 1772-ல் கணித மேதை ஆய்லர் நிறுவினார். வர்க்கமூலம் 46340-ஐ ஒட்டி வருகிறது. அதுவரை 4,700-க்கு மேல் பகா எண்கள் உள்ளன. எல்லாவற்றாலும் வகுக்கத் தேவையில்லை. q என்ற பகா எண் இதை வகுத்தால், q-வைப் பொறுத்து 2-இன் ஆர்டர் 31; அதாவது 2-இன் அடுக்குகளை q-வால் வகுத்துக்கொண்டே போனால் 31-வது அடுக்கில்தான் முதன்முதலில் மீதி 1 வரும். 2-இன் (q−1)-வது அடுக்குக்கும் மீதி 1 என்கிறது ஃபெர்மா தேற்றம். அதனால் 31, q−1-ஐ வகுக்கும்; q ஒற்றைப்படை என்பதால் 62-ம் வகுக்கும். அப்புறம், 2¹⁶-இன் வர்க்கமான 2³²-ஐ q-வால் வகுத்தால் மீதி 2. இப்படி ஒரு வர்க்க எண்ணை வகுத்து வரும் மீதிக்கு வர்க்க மீதி என்று பெயர்; 2 ஒரு வர்க்க மீதி. ஆகவே q-வை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே. இரண்டையும் சேர்த்தால் 248k+1, 248k+63 என்ற வடிவங்களே மிஞ்சும். அதிகபட்சம் 372 எண்கள். அதிலும் 311-க்கு அடுத்த பகா எண் 1303-தான். இதை நோட்டில் எழுதிப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஃபெர்மா தேற்றம், ஆர்டர், வர்க்க மீதி எல்லாம் தனித்தனிப் பாடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பிரிமிட்டிவ் ரூட், அதாவது p என்ற பகா எண்ணைப் பொறுத்து ஆர்டர் p−1 ஆக வரும் எண், எனக்கு எப்போதும் உதைக்கும். இங்கே p என்பது 2147483647; p−1 = 2(2³⁰−1). 2³⁰−1 என்பது 32767 × 32769. முதலாவது 7·31·151, இரண்டாவது 3²·11·331. இது கையாலேயே வந்துவிடும். அதிலிருந்து φ(p−1), அதாவது p−1-உடன் 1 தவிரப் பொதுக் காரணி இல்லாத, அதைவிடச் சிறிய எண்களின் எண்ணிக்கை = 53,46,00,000. அத்தனை பிரிமிட்டிவ் ரூட்டுகள்! 7 அவற்றில் ஒன்று. 2 இல்லை, அதன் ஆர்டர் வெறும் 31.

சரி, இதைவிடப் பெரியது வந்தால்? 2024-ல் கண்டுபிடித்த பகா எண்ணான 2¹³⁶²⁷⁹⁸⁴¹−1-க்கு 4,10,24,320 இலக்கங்கள். 7-ஆல் வகுத்தால் மீதி? 2³-க்கு மீதி 1. அடுக்கை 3-ஆல் வகுத்தால் மீதி 2. ஆகவே 4−1 = 3. நான் பதறிய கேள்வியும் இதே வகைதான்.

பத்து இலக்கம் மலைப்பாக இருந்தால் 127-ல் தொடங்குங்கள். அதுவும் 2⁷−1. 126-ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்து, 36 பிரிமிட்டிவ் ரூட்டுகள் வருகிறதா என்று பாருங்கள். 3 அதில் சேருமா என்று சோதித்த பிறகு 2147483647-க்கு வாருங்கள்.