மின்சார கிரில்லில் திருக்கை மீன்

பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் கரி மூட்ட வழியில்லை. அதனால் மேல்தட்டும் கீழ்த்தட்டும் சேர்ந்து சூடாகும் சிறிய மின்சார கிரில்லில்தான் மீனும் கோழியும் சுட்டுவருகிறேன்.

கோழியில் கவலையில்லை. எலும்பு நீக்கிய தொடைக்கறியைக் கீறி விரித்து ஒரே கனமாக்கிவிட்டால், இருபுறமும் ஒருசேர வெந்து, தோசைக்கல்லில் ஆகும் நேரத்தில் ஏறக்குறைய பாதியிலேயே முடிந்துவிடுகிறது. நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகே எடுக்கிறேன். ஈரம்தான் எதிரி. கறியின் மேல் தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. சிவந்து மணக்கவோ 140 டிகிரியாவது வேண்டும். மூடிக்குள் நீராவியும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே மசாலாவைக் கெட்டியாகப் பூசி, வழிவதைத் துடைத்த பிறகே வைக்கிறேன்.

கெம்போங் மீனை (அயிலை, கானாங்கெளுத்தி) முழுதாக வைத்தால் மூடியின் கனத்தில் வயிறு உடைகிறது. முதுகைப் பிளந்து விரித்தால் அழகாக வேகிறது.

என் மனம் முழுக்க இப்போது திருக்கையில்தான். சௌராஸ்தா சந்தையில் சிறகின் நடுத்துண்டைக் கேட்டு வாங்குகிறேன். ஓரம் மெலிந்திருப்பதால் சீக்கிரம் காய்ந்துவிடும். முகர்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். பழைய திருக்கையில் அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும். புளித்தண்ணீரில் அலசித் துணியால் ஒற்றியெடுத்து, உப்பும் மஞ்சளும் தடவுகிறேன்.

மிளகாய் விழுதான சம்பலை முதலிலேயே பூசினால் அதிலுள்ள சீனி தட்டின் வரிப்பள்ளங்களில் கருகி ஒட்டிக்கொள்ளும். வெறும் மீனை எண்ணெய் தடவிய தட்டில் வைத்து, வரிகள் பொன்னிறமாகப் பதிந்து, தட்டைத் தானாக விடும்வரை காத்திருக்கிறேன். பிறகு காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், செராய் (எலுமிச்சைப்புல்), பிளாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) அரைத்து வதக்கிய சம்பலைப் பூசி, அனலில் வாட்டிய வாழையிலையை மேலும் கீழும் வைத்து மறுபடி மூடுகிறேன். இரண்டு மூன்று நிமிடத்தில் இலை கருத்து, அதன் வாசம் சம்பலுக்குள் இறங்குகிறது. நார்நாராகப் பிரியும் சதையோடு அந்தச் சம்பல் சேரும்போது, கரி இல்லாத குறை பாதி தீர்ந்துவிடுகிறது. மீதிப் பாதி கரிப்புகையின் மணம். அது இந்தக் கருவியில் வரவே வராது.

ஆட்டிறைச்சி துண்டுகளுக்கு இது சரிப்படாது. முற்றிய கறி மெதுவாக, நீரில் வேக வேண்டியது. கொத்துக்கறியைத் தட்டையாகத் தட்டி வைத்தால் மட்டும் கொழுப்பு சாய்வாக வடிந்து வடிதட்டில் சேர்ந்து, கறி மொறுமொறுப்பாகிறது. அடுத்து வாவல் மீனை இதே இலை முறையில் சுடப்போகிறேன், சம்பலுக்குப் பதில் மிளகும் சோம்பும் அரைத்து.