பொன்னேரி ஆட்டோவும் பூநாரையும்

முதலில் அந்த ஆட்டோவைத் திட்டி முடித்துவிடுகிறேன், இல்லையென்றால் பூநாரையைப் (ஃபிளமிங்கோ) பற்றி எழுதும்போதும் அதுதான் நடுவில் வந்து நிற்கும். கொருக்குப்பேட்டையிலிருந்து பொன்னேரி வரை மின்சார ரயிலில் ஆளுக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து, நாங்கள் பறவை பார்க்கக் கிளம்பிய பழவேற்காடு ஏரி பதினெட்டு கிலோமீட்டர் சொச்சம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே ஒருவர், "பஸ்ஸா? பத்தரைக்கு மேலதான் சார், அதுவும் வந்தா உண்டு" என்றார். எழுநூறு கேட்டார், ஐநூறுக்கு இறங்கினார், நாங்களும் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி ஏறி உட்கார்ந்தோம். பாதி வழியில் பின்னாலிருந்து ஹாரன் சத்தம். பாதி சீட் காலியாக ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ரெண்டு நாளைக்கு, ரெண்டு பேருக்கும் சேர்த்து ரெண்டாயிரம் என்று போட்ட பட்ஜெட்டில் கால்வாசி காலை ஒன்பதரைக்கே காலி. யார் என்ன சொன்னாலும் பொன்னேரி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய் உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்கள்.

கூட வந்தவன் காசிமேட்டுக்காரன், பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதன். அவன் மாமாவுக்கு ஒரு விசைப்படகில் பங்கு இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும்.

பறவை பார்க்கப் போகிறேன் என்றால் எங்கள் தெருவில் சிரிக்கிறார்கள். எனக்கு இந்த ஆசை வந்ததே ஒரு கோபத்தில்தான். கூழைக்கடாவை (பெலிகன்) நான் முதன்முதலில் கிட்டத்தில் பார்த்தது 2023 டிசம்பரில், எண்ணூர் முகத்துவாரத்தில். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து ஆறெல்லாம் கறுப்பாகக் கிடந்தபோது, ஒரு பறவை தார் டின்னில் விழுந்து எழுந்த மாதிரி சதுப்பில் நின்றுகொண்டிருந்தது. இறக்கையை விரிக்கப் பார்க்கும், முடியாது, மறுபடி மடக்கும். பக்கத்தில் மீனவர்கள் வாளியில் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வலையும் அதே நிறம். சுத்தமான கூழைக்கடா எப்படித்தான் இருக்கும் என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தது, பொங்கல் கழிந்த இந்தச் சனி ஞாயிறில்தான் கைகூடியது.

பழவேற்காட்டில் இறங்கியதும் டச்சுக்காரர்கள் கல்லறையைப் பார்த்தோம், கால் மணி நேரம். 1613-இல் அவர்கள் இங்கே கட்டிய கோட்டையில் இப்போது முள்ளும் மண்மேடும்தான் மிச்சம். கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகள் நன்றாக இருக்கின்றன. போதும்.

ஏரிக்கரைக்குப் போனதும், "போட்டிங் வர்றீங்களா, பூநாரை கிட்டயே போலாம், ஆயிரத்து ஐநூறு" என்று ஒரு பையன் காதோரம் வந்து சொன்னான். இங்கே சுற்றுலாப் படகு கூடாது. 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள், அதற்கப்புறம் வந்த தடை. ஏறாதீர்கள். லைஃப் ஜாக்கெட் என்று அவன் காட்டியது ஒரே ஒரு ஜாக்கெட், அதிலும் பக்கிள் இல்லை. தடையால் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காசு போனது, அது எனக்கும் புரிகிறது, ஆனாலும் ஏறாதீர்கள்.

பூநாரை கரையிலிருந்தே தெரிந்தது. முதலில் தூரத்தில் ஒரு உப்புக்கோடு மாதிரி, அப்புறம் அந்தக் கோடு லேசாக அசைந்தது. பைனாகுலரை நண்பன் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான் (கூழைக்கடா பார்க்கப் போகிறோம் என்று ரெண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்), மொபைல் கேமராவில் இழுத்துப் பார்த்தால் ரோஸ் கலர் புள்ளிகள். வலை காய்ந்துகொண்டிருந்த இடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அண்ணன் எங்கள் அவஸ்தையைப் பார்த்துவிட்டு, "அது நிக்கிற எடத்துல தண்ணி மொழங்கால் கூட இருக்காதுபா, போட்டு தரை தட்டும். எங்களுக்கு அதான் போர்டு" என்றார்.

அவரோடுதான் மீதி மூன்று மணி நேரமும் போனது. ஐம்பது வயசிருக்கும். கையில் வலை ஊசி, மடியில் நரம்பு வலை. பேசிக்கொண்டே கண்ணி பின்னிக்கொண்டிருந்தார், ஒரு தடவைகூடக் கையைப் பார்க்கவில்லை.

நான் பறவைக்கும் இவர்களுக்கும்தான் சண்டை என்று நினைத்துப் போயிருந்தேன். கூழைக்கடா வலையிலிருந்து மீனைப் பிடுங்காதா, நீர்க்காகம் வந்து கூட்டமாகத் தின்னாதா? தின்னும் என்றார். "துன்னட்டுமே. அது எவ்ளோ துன்னுடும்? ஐஸ் பொட்டியில அடுக்கி வெக்கப் போவுதா?" பூநாரை மீனே தின்னாது, சேற்றைக் கலக்கி அதிலுள்ள பாசியையும் பொடிப் பூச்சிகளையும்தான் சலித்துத் தின்னும் என்பதையும் அவரே சொன்னார், நான் படித்துவிட்டுப் போனதை விடத் தெளிவாக. அவருக்குக் கோபமெல்லாம் சரணாலயம் என்று போட்ட எல்லைக்கோட்டின் மேல். 1980-இல் ஏரியின் தமிழ்நாட்டுப் பக்கத்தைப் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள். ஏரி மட்டுமில்லை, ஊரும் அந்தச் சரணாலயக் கணக்கில்தான் நடக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் முகத்துவாரம் மணல் மூடி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குஞ்சு வராது, கோடையில் ஏரி வற்றி உப்பு ஏறும். மணலை வாரி நிரந்தரமாகத் திறந்து வைக்கச் சொல்லி வருஷக்கணக்காகக் கேட்டார்கள். சரணாலயம் என்பதால் அதற்கு வனவிலங்கு வாரியம் வரைக்கும் போய் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. "ஏரி காஞ்சா பறவை மட்டும் இங்க குந்திக்கினு இருக்குமா?" என்றார். இதற்கு என்னிடம் பதிலில்லை.

இந்த ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் ஓடும் நல்ல இடங்களில் எந்த ஊர், எந்த ஆள், எந்த நாள் சுத்து வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நேற்று உனக்கு, இன்றைக்கு எனக்கு. எந்த அதிகாரியும் வந்து எழுதிக்கொடுத்ததில்லை, தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. சண்டையே வராது என்றில்லை, வந்தால் பஞ்சாயத்தில் முடியும். தண்ணீரை இவ்வளவு நுணுக்கமாகப் பங்கு போடத் தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சரணாலயம் என்றால் ஒரு போர்டு, ஒரு தடை, ஒரு அபராதம் என்று நிறுத்திக்கொள்வது சுத்தச் சோம்பேறித்தனம். அதே பாடு ஏற்பாட்டில் பூநாரைக்கும் ஒரு முறை ஒதுக்கச் சொன்னால் அரை நாளில் ஒதுக்கிவிடுவார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்புறம்தான் அந்த ஓட்டை. வலை முழுக்க வெள்ளை நரம்பு, ஓரிடத்தில் மட்டும் ஒரு முறம் அளவுக்குப் பச்சை நூலில் புதுசாகப் பின்னியிருந்தது. என்ன அண்ணே என்று தொட்டுப் பார்த்தேன். கடலில் போட்ட வலையில் போன மாசம் பங்குனி ஆமை என்கிற கடலாமை ஒன்று மாட்டியிருக்கிறது. இழுத்துப் பார்த்தால் உயிரோடு இருக்கிறது, துடுப்புக் காலில் சுற்றிச் சுற்றி இறுகியிருக்கிறது, பிரிக்க வழியில்லை. கத்தியை எடுத்து வலையை அறுத்து விட்டுவிட்டார். ரெண்டு நாள் கடலுக்குப் போகாமல் உட்கார்ந்து பின்னியது அது. நூல் காசும் அவருடையது. "விட்டதுக்கு யாருனா எதுனா குடுத்தாங்களா?" என்று கேட்டேன். "செத்துப்போய் கரையில ஒதுங்கினா கேக்க வருவாங்க" என்றார்.

மகாராஷ்டிராவில் 2018 கடைசியிலிருந்து ஒரு திட்டம் இருக்கிறது. ஆமை, டால்பின் மாதிரி பாதுகாக்கப்பட்ட உயிர் மாட்டி, வலையை அறுத்து விட்டதற்குப் படம் எடுத்துக் காட்டினால் 25,000 ரூபாய் வரைக்கும் ஈடு தருகிறார்கள். குஜராத்தில் திமிங்கலச் சுறாவை அறுத்து விடுகிறவர்களுக்கும் வலைக்குக் காசு உண்டு. இதை அவரிடம் சொன்னதும் ஊசி நின்றது. "மெய்யாலுமா?" ஊரை ரெண்டு தடவை கேட்டு வைத்துக்கொண்டார், பிறகு சிரித்துவிட்டு, "அப்போ அந்த ஊர்ல பொண்ணு எடுத்திருக்கணும்" என்றார்.

அதற்கடுத்து அவர் சொன்னதுதான் எங்கள் பயணத்தைக் கெடுத்தது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரை நெடுக ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கினவே, அதற்கு யார் காரணம் என்று கேட்டேன். "பெரிய போட்டுங்க. எங்க வலையில மாட்டினா அரை மணியில இழுத்துப் பார்த்துடுவோம். இழுவலை கடலடியில மணிக்கணக்குல ஓடுது. ஆமைக்கு நம்மள மாதிரி மூச்சு விட மேல வரணும். எப்படிப் பொழைக்கும்? கரையோரம் வரக்கூடாதுன்னு சட்டம், ராத்திரில எல்லாம் இங்கதான் நிக்கிது. அத்தினியும் காசிமேட்டு போட்டு."

நண்பன் எழுந்து போய் ஏரியைப் பார்க்க ஆரம்பித்தான்.

சாப்பாட்டுக்கு அவரே ஒரு வீட்டைக் காட்டினார். திண்ணையில் பெஞ்ச் போட்ட மெஸ், போர்டு கிடையாது. மடவை மீன் குழம்பு, கிழங்கான் வறுவல், கொஞ்சம் நண்டு. மடவைக்கு ஏரி மீனின் ஒரு மண்வாசனை இருக்கும், பலருக்குப் பிடிக்காது, இங்கே புளியும் மாங்காயும் போட்டு அந்த வாசனையையே குழம்பின் ருசியாக்கியிருந்தார்கள். கிழங்கான் கரகரவென்று, முள்ளோடு மென்றுவிடலாம். மூன்றாவது தடவை சோறு வாங்கும்போது அந்த ஆயா, "காலைல துன்னலியா கண்ணு?" என்று கேட்டது. ரெண்டு பேருக்கும் முந்நூற்றி இருபது. அந்த ஐநூறு மட்டும் கையில் இருந்திருந்தால் இறால் தொக்கும் சேர்த்துச் சாப்பிட்டிருப்போம் என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் நான் புலம்பியதாக நண்பன் சொல்கிறான்.

அவன் அது வரைக்கும் பேசவே இல்லை. மீஞ்சூர் தாண்டியதும்தான் வாயைத் திறந்தான். வலையில் ஆமை விலக்கி மாட்டச் சொல்கிறார்கள், கம்பி வைத்த ஒரு வாசல் மாதிரி, ஆமை முட்டினால் வெளியே போய்விடும், ஆனால் நல்ல மீனும் அதே வழியாகப் போய்விடும் என்று மாமா சொல்வாராம். டீசல் போட்டு, ஐஸ் போட்டு, பத்து ஆளுக்குக் கூலி கொடுத்துப் போகிறவன் மீனை விட்டுவிட்டு வருவானா என்றான். அது இல்லையென்பதற்காகத்தான் அமெரிக்கா நம் கடலில் பிடித்த இறாலையே வாங்காமல் நிறுத்தியது, அந்த நஷ்டம் யாருக்கு என்று நான் கேட்டேன். கொஞ்ச நேரம் கத்திக்கொண்டோம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆமை முட்டையிட வருவது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. அதாவது தடை தொடங்கும்போது தாய் ஆமை வந்த வேலையை முடித்துவிட்டு, அல்லது செத்துவிட்டு, போயிருக்கும். மீன் குஞ்சுக்குப் போட்ட தடை அது, ஆமைக்கு இல்லை. இதில் மட்டும் ரெண்டு பேரும் ஒத்துப்போனோம். நடுவில் ஒரு அத்திப்பட்டுப் பாட்டி, "சண்டைன்னா எறங்கிப் போய்ப் போடுங்கடா" என்றதும் அமைதியானோம்.

ராத்திரி வீட்டுக்கே வந்து படுத்துக்கொண்டோம், லாட்ஜ் காசு மிச்சம். ஞாயிறு விடியற்காலை சூளூர்பேட்டை ரயில். அங்கிருந்து நாயுடுபேட்டை போகும் பஸ்ஸில் ஏறி நெடுஞ்சாலையில் இறங்கி நடந்தால் நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயம். ஆந்திரா, ஆனால் டீக்கடையில் தமிழ் நன்றாகவே ஓடுகிறது. நேர விவரம், டிக்கெட் விலை எல்லாம் தனியாக எழுதுகிறேன் என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தேன், மறந்துவிட்டேன், மன்னிக்கவும். அக்டோபர் முதல் மார்ச் வரை போனால் பறவை உண்டு.

கூழைக்கடா. ஒவ்வொரு மரத்திலும் பத்து, பதினைந்து. ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்கள் எச்சத்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கின்றன. காவல் கோபுரத்தின் மேல் நின்றால் ஒரு கூடு எங்களுக்கு நேர் எதிரே. குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை முழுசாக விட்டு, தோள் வரைக்கும் உள்ளே போய், மீனைத் தேடிக் குடைகிறது. தாய் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்கிறது. இறகு சாம்பலும் வெள்ளையும், அலகில் வரிசையாகப் புள்ளி. எண்ணூரில் பார்த்த அந்த ஒன்றுக்கும் இந்தப் புள்ளிகள் இருந்திருக்கும்.

டீக்கடைக்காரரிடம் கேட்டேன், இவ்வளவு நாற்றத்தைச் சகித்துக்கொண்டு இந்த ஊரில் ஏன் யாரும் கல்லெடுத்து விரட்டவில்லை? (நாற்றம் பொய்யில்லை, கர்ச்சீப் கொண்டுபோங்கள்.) அவர் வயலைக் காட்டினார். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் நெல்லுக்குப் பாய்கிறது. உரக்கடைக்குக் கொடுக்கிற காசில் ஒரு பங்கு மிச்சம். பறவை வராத வருஷம் மழையும் வராது என்பது பாட்டன் காலத்துப் பேச்சு. வேடந்தாங்கல்காரர்கள் 1798-இலேயே, தங்கள் ஏரிப் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுடக்கூடாது என்று கலெக்டரிடம் எழுதி வாங்கினார்கள், அங்கேயும் காரணம் இதே தண்ணீர்தான். காட்டிலாகா பிறப்பதற்கு முன்பே நடந்தது அது.

பழவேற்காட்டு அண்ணனின் வயல் கடல். அதில் ஆமை எச்சம் போட்டு எதுவும் விளையப் போவதில்லை, அவருக்கு அந்தப் பச்சை நூல்தான் மிச்சம். அந்த நூலுக்காவது நம் அரசாங்கம் காசு கொடுக்கட்டும். காசிமேட்டுக்காரர்களுக்கும் ஆமை விலக்கியை ஓசியில் கொடுத்து, தப்பிப் போகும் மீனுக்கு முதல் ரெண்டு சீசன் ஈடு கட்டட்டும். இந்தக் கடைசி வரி நண்பன் சொல்லிச் சேர்த்தது, மாமாவிடம் காட்ட வேண்டுமாம்.

செலவு மொத்தம் ஆயிரத்து எழுநூற்றி சொச்சம். திரும்பும்போது சூளூர்பேட்டை மார்க்கெட்டில் அம்மாவுக்கு ஒரு கிலோ மடவை வாங்கிப் பையில் வைத்திருந்தேன். ஐஸ் கரைந்து கும்மிடிப்பூண்டியில் சொட்ட ஆரம்பித்தது, கவரைப்பேட்டையில் எதிர் சீட் காலியானது, எண்ணூர் வந்தபோது அந்த வரிசையில் நாங்கள் ரெண்டு பேர் மட்டும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.